நாடிப்பட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடையப்பன் தன் பிறக்காத மகளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடல் பக்கத்து வெயில் பேழைக்குள் விழுந்ததும் குழந்தை ஒரு காலை உதைத்து மடக்கிக்கொண்டது.

"மகாராணிக்கு வெளிச்சம் பிடிக்கல," என்று சொல்லித் திரையைப் பாதி இழுத்துவிட்டான்.

சோபாவில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் சிரித்தார்கள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கணவனும் மனைவியும். பேழை பார்க்க வந்திருந்தார்கள். நெல்லைக் கரைக்கு அப்பால் கடலில் மிதக்கும் குமரித்திட்டு நகரத்தில், ஒரு வீட்டுக்குப் பேழை வந்தால் அக்கம்பக்கத்தார் பழத்தட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம்.

"தினம் இப்படித் தொடச்சு விடுத ஆம்பளைய நான் பாத்ததே இல்ல," என்றாள் அந்த அம்மாள். "வடிவு, நீ குடுத்து வச்சவ."

வடிவாம்பிகை காபித் தட்டோடு வந்தாள். காபியைப் போட்டது சமையல் எந்திரம்தான். ஆனாலும் விருந்தாளிக்கு எந்திரம் கொண்டுவந்து நீட்டினால் மரியாதையாக இராது என்று எல்லா வீடுகளிலும் ஓர் எண்ணம் இருந்தது. அந்த மரியாதையை ஓர் ஆண் கொண்டுவந்து நீட்டி யாரும் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கிக்கொண்ட அந்த அம்மாளின் கண் முதலில் வடிவின் இடுப்புக்குத்தான் போனது. சேலைக்கு மேல் கட்டியிருந்த பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நிம்மதியான பிறகே அவள் குழந்தையைப் பார்த்தாள்.

கருப்பேழை வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கணவனும் மனைவியும் ஒருநாள் மருத்துவமனைக்குப் போய்வந்தால் போதும். மூன்றாம் மாதம் முடிந்ததும் பேழை வீட்டுக்கு வந்துவிடும். ஊட்டநீரை மாற்றுவதற்குக்கூட மருத்துவமனையின் சிறுவண்டி தானாக வந்து, மாற்றிவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போகும். வாந்தி இல்லை, வலி இல்லை, பிரசவத்தில் செத்தாள் என்ற பேச்சே ஊரில் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே கடைசியாக நின்ற சுவர் கருப்பைதான், அதுவும் இடிந்தது என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின.

வீட்டுக்கு வரும் பேழையோடு நாடிப்பட்டையும் வரும். தாயின் இடுப்பில் கட்ட வேண்டியது. அவளுடைய நாடித்துடிப்பை வாங்கி அலையாக மாற்றிப் பேழைக்கு அனுப்பும். அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் குழந்தையின் இதயம் தாளம் பழகும் என்று கையேடு சொன்னது. பேழையைவிட்டு நூறு மீட்டருக்கு அப்பால் போனால் பட்டை கூவும். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். இதற்காகவே அரசாங்கம் 'நாடி விடுப்பு' கொடுத்தது. முற்காலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு பெண்கள் பேருந்து ஓட்டினார்கள், வயலில் நாற்று நட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்து, பேழையில் பிறந்த பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். தகப்பனைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இருந்தது: கண்ணாடியை மென்மையான துணியால் துடைக்கவும்.

வடிவு வானலைப் பொறியாளர். நிலாவின் மறுபக்கத்தில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பூமியோடு நேராகப் பேச வழி கிடையாது. நடுவில் ஏந்திக் கொடுக்க ஒரு தொடர்பு நிலையம் வேண்டியிருந்தது. அதை வரைந்தவள் வடிவு. அதைக் கட்டப் போகும் குழுவுக்கும் அவள்தான் தலைவி. பயணத்துக்கு இரண்டு வருடம் இருக்கிறதே, அதற்குள் பிள்ளையைப் பெற்று நடக்கவும் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். பேழை வீட்டுக்கு வந்த மறுவாரம், சுரங்கத்தில் ஒரு விபத்து நடந்து, உதவி கேட்டுக் கூப்பிட முடியாமல் ஆட்கள் இறந்துபோனார்கள். பயணத்தை முன்னுக்கு இழுத்தார்கள். இன்னும் சில வாரங்களில் கிளம்ப வேண்டும்.

வடிவு அன்று பேழைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் வந்து அவளருகில் உட்கார்ந்தான்.

"என்னால கட்ட முடிஞ்சா நான் கட்டிக்கிட்டு உக்காந்திர மாட்டேனா வடிவு?" என்றான். "இயற்கை அப்படி வச்சிருக்கு. நாம என்ன செய்ய?"

அவன் மனதாரத்தான் சொன்னான். பொய் பேசுகிற ஆள் இல்லை அவன். தொழிற்சாலையில் செய்து, பெட்டியில் போட்டு வந்த பட்டையை இயற்கை என்று சொன்னது இருவருக்குமே அப்போது உறுத்தவில்லை. வடிவு அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த ஒருவனைத் தற்காலிகத் தலைவனாகப் போட்டார்கள்.

குழு பயிற்சிக்காகக் கரைக்குப் புறப்பட்ட நாளில் வழியனுப்பப் படகுத்துறைவரை போனாள். கடைசிப் படிக்கட்டில் கால் வைத்ததும் இடுப்பிலிருந்த பட்டை கூவத் தொடங்கிவிட்டது. துறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி, "பிள்ளைய விட்டுட்டு எங்கம்மா ஓடுத?" என்று கேட்டாள். குழுவினர் படகிலிருந்து கையசைத்ததைக்கூடப் பார்க்காமல் வடிவு படியேறி ஓடிவந்தாள்.

அதன் பிறகு அவள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. அந்தப் பட்டையில் ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நாளில் சில தடவை அது இடுப்பில் மெல்லத் துடிக்கும். குழந்தை தாயின் நாடியைக் கேட்டுப் பதில் சொல்கிறது என்று அதற்குப் பொருள். முதன்முறை அது துடித்தபோது வடிவு அசையாமல் நின்றுவிட்டாள். பிறகு அதனோடு பேச ஆரம்பித்தாள். இன்றைக்கு உங்கப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்பாள். துடித்தால் சிரித்தது என்று எடுத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், ஆவுடையப்பன் வேலைக்குப் போயிருந்தான். அவன் நகராட்சியின் கடற்பாசித் தோட்டத்தில் மேற்பார்வையாளர். வடிவு குழந்தைக்குப் பாட்டு வைத்தாள். ஒலிபெருக்கியில் கரகரவென்று இரைச்சல். பட்டையிலிருந்து போகும் அலை பாட்டில் குறுக்கிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, எவ்வளவுதான் வருகிறது பார்க்கலாமே என்று தன் பழைய அலையளவியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். வேலைக்குப் போகாத கை அந்தக் கருவியைத் தொட்டதும் அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

அளவியைப் பட்டையருகே கொண்டுபோனாள். ஒன்றும் காட்டவில்லை. மின்கலம் தீர்ந்திருக்கும் என்று மாற்றினாள். அப்போதும் ஒன்றுமில்லை. பேழையருகே கொண்டுபோனாள், பேழையிலிருந்து ஓர் அலை வந்துகொண்டிருந்தது. பட்டையிலிருந்து எதுவும் வரவில்லை.

பட்டை பழுதாகிவிட்டதென்று பயந்துபோனாள். பேழைக்குள் குனிந்து பார்த்தாள். குழந்தை கட்டைவிரலை வாயருகே வைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தது. திரையில் அதன் இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகப் பழுதோ தெரியவில்லையே என்று பதறிக்கொண்டு, சாப்பாட்டு மேசைமேல் பட்டையைக் கழற்றி வைத்து, 'பிரித்தால் குழந்தைக்கு ஆபத்து' என்று எழுதியிருந்த ஒட்டுத்தாளைக் கிழித்தாள்.

உள்ளே ஒரு மின்கலம். ஒரு பச்சை விளக்கு. நகத்தளவு மோட்டார் ஒன்று. அது அவ்வப்போது சுழன்று இடுப்பில் துடிக்கும்படி அமைத்திருந்தது. பேழையின் அலை எட்டாமல் போனால் கூவுகிற சிறு கருவி. அவ்வளவுதான். நாடியை வாங்க எதுவும் இல்லை, அனுப்ப எதுவும் இல்லை. பழுதும் இல்லை. அந்தப் பட்டையில் உண்மையாக வேலை செய்தது ஒன்றே ஒன்று, தாய் தூரம் போனால் ஊரைக் கூட்டுகிற கருவி.

மேசைமேல் கிடந்த மோட்டார் தன் பாட்டுக்கு ஒருமுறை சுழன்று நின்றது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள், கூவாதபடி மின்கலத்தைக் கழற்றிவிட்டுப் பட்டையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பேழையை விட்டுவிட்டு, நகரத்தின் அடுத்த முனையிலிருந்த மருத்துவமனைக்குப் போனாள். தலைமை மருத்துவர் கிரேஸ் பாக்கியம் அவளுக்கு ஏற்கெனவே பழக்கம். கருவைப் பேழையில் வைத்தவரே அவர்தான். வயதானவர். பிரிந்து கிடந்த பட்டையை வடிவு மேசையில் கொட்டியதும் அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?"

"வேண்டாம் டாக்டர். இது என்னன்னு சொல்லுங்க."

"நீ பாத்ததுதான். அதுல ஒண்ணும் இல்ல. பேழைக்கு யாருடைய நாடியும் தேவை இல்ல."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"செய்றவங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். உன்ன மாதிரி பிரிச்சுப் பாத்தவங்க சில பேருக்குத் தெரியும். நீ முதல் ஆளுன்னு நினைச்சியா? வருஷத்துக்கு நாலஞ்சு பேர் இந்த நாற்காலியில வந்து உக்காந்து அழுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கட்டிக்குவாங்க."

வடிவு மேசையில் சிதறிய துண்டுகளை ஒதுக்கிச் சேர்த்தாள். மருத்துவரே தொடர்ந்தார்.

"நான் சின்னப் பொண்ணா இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ பேழைக்குப் பட்டை கிடையாது. தாய்மாருங்க மறுநாளே வேலைக்குப் போனாங்க. என்ன ஆச்சு தெரியுமா? வலிக்காமப் பெத்தவளுக்குப் பிள்ளைமேல என்ன பாசம் இருக்கும்னு மாமியார் வீட்ல கேட்டாங்க. மணவிலக்குன்னு வந்தா, நீ என்ன சுமந்தியா, உனக்கு எதுக்குப் பிள்ளைன்னு கோர்ட்லயே கேட்டாங்க. பிள்ளைய அப்பாகிட்ட குடுத்துட்டாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய. வாங்கின பேழையைத் திருப்பி அனுப்பினவங்க உண்டு. அந்தத் தாய்மாருங்களே எங்கிட்ட வந்து, டாக்டர், நான் என்ன செஞ்சேன்னு என் பிள்ளை அம்மான்னு கூப்பிடப் போகுதுன்னு கேட்டாங்க. நாங்க நாலு பெண் டாக்டருங்க உக்காந்து யோசிச்சோம். இவங்க ஏதாவது கஷ்டப்பட்டாத்தான் அம்மான்னு ஒத்துக்குவாங்கன்னு புரிஞ்சுது. அதான் பட்டை."

"அப்பா என்ன செஞ்சாருன்னு யாரும் கேக்கலையா?"

"அப்பாவை யாரும்மா கேப்பாங்க? அவரு பேரு தானா வந்துடுதே."

"நூறு மீட்டர் எதுக்கு டாக்டர்? வெறும் பட்டைதானே. கட்டிக்கிட்டு வேலைக்காவது போயிருப்போமே."

கிரேஸ் பாக்கியம் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதல்ல அது இல்ல. பட்டையைக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறா, இதுல என்ன தியாகம் இருக்குன்னு பேச்சு வந்துச்சு. அப்புறம்தான் வச்சோம்."

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்ததும் வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேழையின் திரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு மூச்சு வந்தது.

"சரி, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைல்லா. அது போதும்," என்றான்.

"எனக்கும் அதான் முக்கியம். பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, அதனால நான் நிலாவுக்குப் போறேன். குழுவுல எனக்குப் பதிலா போட்ட ஆளு பயிற்சியில திணறுறானாம். மத்தியானமே பேசினேன், இப்பவும் வந்தா எடுத்துக்கிடுதோம்னு சொல்லுதாங்க."

"பேழை?"

"நீங்க இருக்கீங்கல்லா."

"நான் பாத்துக்கிடுவேன், அது ஒண்ணும் இல்ல. ஆனா வடிவு, வாரவங்க போறவங்க என்ன சொல்லுவாங்க? பட்டையில ஒண்ணும் இல்லைன்னு நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

வடிவு பட்டையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சரி, ஊருக்காகத்தான்னா நீங்க கட்டிக்கிடுங்க. கட்ட முடிஞ்சா கட்டிக்கிட்டு உக்காந்திர மாட்டேனான்னு கேட்டீங்களே. இப்ப முடியும்."

"நானா?"

"ஆமா. மூடித் தாரேன், விளக்கும் எரியும். எனக்குக் கட்டின மாதிரியே உங்களுக்கும் கட்டும்."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"வெளையாடாத வடிவு. நூறு மீட்டருக்குள்ள கெடக்கணும்னா நான் தோட்டத்துக்கு எப்படிப் போவேன்? இவ்வளவு வருஷம் பாடுபட்டு இப்பத்தான் மேற்பார்வையாளரா ஆயிருக்கேன். ஒண்ணுமே வேலை செய்யாத ஒரு பட்டைக்காக என் வேலைய விடச் சொல்லுதியா?"

சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உடனே விளங்கியதா இல்லையா என்று வடிவுக்குத் தெரியவில்லை. அவன் முகம் கொஞ்சம் கறுத்தது. எழுந்து போய்த் துணியை எடுத்துக்கொண்டு பேழையின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மறுநாள் ஆவுடையப்பனின் அக்கா பகவதி வந்தாள். தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். பகவதி ஒரு காலத்தில் இந்த நகரத்துக்கும் கரைக்கும் நடுவே பறவூர்தி ஓட்டியவள். முதல் பிள்ளைக்கு நாடி விடுப்பில் போனவள், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு திரும்பவில்லை. அதற்குள் ஊர்தியின் மாதிரியே மாறிவிட்டது, புதிதாகப் பயிற்சி எடுக்க வயது தாண்டிவிட்டது என்றார்கள். அவள் வடிவோடு சண்டை போட வரவில்லை. அவளுக்கு எப்போதுமே வடிவைப் பிடிக்கும். நாத்தனாராக இருந்தும் ஒருநாள்கூடக் குத்திப் பேசியதில்லை.

"தம்பி ஏதேதோ சொல்லுதான். என்னன்னு நீயே சொல்லு," என்றாள்.

வடிவு பட்டையைத் திறந்து காட்டினாள். பகவதி குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். மோட்டாரைத் தொட்டபோது அது சுழன்றது. பகவதி விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இதுதான் துடிக்குமா?"

"ஆமா மதினி."

"பிள்ளை பேசுதுன்னு சொல்லுவாங்களே, அது?"

"இதுதான் மதினி. நானும் நம்பினேன்."

பகவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை.

"என் மூத்தவன் ஒருநாள் ரொம்பத் துடிச்சான். மழை நாளு. இடிச் சத்தத்துக்குப் பயப்படுதான்னு நெனச்சு, பேழையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். இப்பவும் அவன் ஏதாவது கோவமா பேசினா, நீ பொறக்க முந்தியே எனக்கு உன்னத் தெரியும்லேன்னு இந்தக் கதையத்தான் சொல்லுவேன். அவனும் பேசாம இருந்துருவான்."

பிறகு பட்டையை மூடி வடிவின் கையில் வைத்தாள்.

"நீ போறதுன்னா போ. போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இத எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம் வடிவு."

வடிவு போனாள். நிலையத் திட்டத்தின் இயக்குநர் அவளைக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வீட்டில் சம்மதமா என்று. குழுவிலிருந்த ஆண்கள் யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை. கிளம்புவதற்கு முன்னால் வடிவு சாப்பாட்டு மேசையில் பட்டையைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்கிறது என்று பாடம் நடத்துகிற மாதிரி விளக்கி, அதைப் படம் பிடித்து ஊர் வலையில் ஏற்றிவிட்டாள். ஆவேசமாக ஒன்றும் பேசவில்லை. "இதில் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம்" என்று முடித்திருந்தாள். ஆவுடையப்பன் படகுத்துறைவரை வந்தான். கையைப் பிடித்துக்கொண்டான். பத்திரமாகப் போய்விட்டு வா என்றான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க நினைத்தது அவன் கையிலேயே தெரிந்தது.

நிலாவின் மறுபக்கத்தில் பூமி கண்ணில் படாது. அங்கே போய் இறங்கிய முதல் மாதங்களில் வடிவுக்கு ஊர்ச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. அவளே கட்டி முடித்த நிலையம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான், சேர்ந்து கிடந்த செய்திகளெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன.

முதல் செய்தி, மகள் பிறந்துவிட்டாள். நல்ல எடை, நல்ல குரல், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. வடிவு அந்தப் படத்தைக் கூடாரத்திலிருந்த எல்லோருக்கும் காட்டினாள். இரண்டாவது செய்தியில், தாய் கைவிட்டுப் போன பேழையைத் தனியாளாகக் காத்த தகப்பன் என்று ஆவுடையப்பனுக்கு நகராட்சி பொன்னாடை போர்த்தியிருந்தது. படத்தில் அவன் கூச்சத்தோடு நின்றான். பேழையை யார் காத்தார்கள், அவன் காலையில் போய் மாலையில்தானே வந்தான் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மீதிச் செய்தியெல்லாம் பட்டையைப் பற்றியது. வடிவின் படம் ஊரைப் புரட்டிப் போட்டிருந்தது. பெண்கள் பட்டைகளைக் கொண்டுவந்து தொழிற்சாலை வாசலில் குவித்தார்கள். தாய்மையை வைத்து மோசடி செய்துவிட்டார்கள் என்று ஊர்வலம் போனார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழுவில் பாதிப் பேர் பெண்கள். கிரேஸ் பாக்கியம் போய், பேழைக்கு யாருடைய நாடியும் தேவையில்லை, இத்தனை ஆண்டுகளில் பிறந்த அத்தனை குழந்தைகளும் அதற்குச் சாட்சி என்று சொல்லிவிட்டு வந்தார். குழு அதை மறுக்கவில்லை. தீர்ப்பு வந்தது. தாய்மார்களை ஏமாற்றியது பெருங்குற்றம். இனி எந்தத் தாயின் இடுப்பிலும் போலிப் பட்டை இருக்கக் கூடாது.

அதுவரை படித்துவிட்டு வடிவு எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்ததைப் படிப்பதற்குள் பகவதியின் அழைப்பு வந்துவிட்டது.

திரையில் பகவதி கொஞ்சம் இளைத்திருந்தாள். மடியில் வடிவின் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். பேச்சு போய்ச் சேரவும் பதில் வரவும் சில நொடி ஆகும். அந்த இடைவெளி தெரியாமல் பகவதி முதலில் இரண்டு தடவை "கேக்குதா, கேக்குதா" என்றாள். குழந்தை பால் குடிப்பதையும் தும்முவதையும் சொன்னாள். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"வடிவு, ஒரு சமாச்சாரம். நாங்க மூணாவதுக்கு எழுதிக் குடுத்திருக்கோம்."

"பேழைக்கா மதினி? இப்பவா?"

"ஆமா. புதுப் பட்டை வந்திருக்குல்லா, அதான். நீ செஞ்ச புண்ணியம். நீ சொல்லலைன்னா இன்னும் வெறும் டப்பாவைக் கட்டிக்கிட்டுத்தான் அலைஞ்சிருப்போம். இதுல நிஜமாவே எல்லாம் இருக்காம். வாங்குத எல்லாருக்கும் பிரிச்சுக் காட்டித்தான் குடுக்காங்க. என்னோட நாடி போனாத்தான் பேழையில ஊட்டநீர் ஓடுமாம்."

"நாடி போகலைன்னா?"

கேள்வி போய்ச் சேர்ந்தது. பகவதி மடியிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஓடாதாம். அதான சட்டம். தாய் இல்லாம பேழை இயங்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்களாம்."

"உங்க வீட்டுக்கார அண்ணன் கட்டிக்கிட்டா?"

"ஆம்பளைங்க நாடிக்கு ஓடாதாம் வடிவு. அப்படியே அமைச்சிட்டாங்க. அதுக்குன்னு தனியா ஒரு பூட்டு இருக்காம் உள்ள." அவள் குரலில் பெருமை இருந்தது. "இந்தத் தடவை துடிச்சா அது என் பிள்ளைதான். மோட்டார் கீட்டார் கெடையாது. நான் கேட்டுட்டேன்."

குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுப் பகவதி குனிந்து எதையோ எடுத்தாள். எழுதிக் கொடுத்ததுமே கையில் தந்திருந்த புதுப் பட்டை. மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் படக்கருவிக்கு நேராக, ஆடாமல், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"நீ படிச்சவ. நல்லாப் பாத்துச் சொல்லு. இதுவும் ஏமாத்தா இருந்துரக் கூடாது பாரு. வேலை செய்யுமா?"

வடிவு திரையை நெருங்கிப் பார்த்தாள். நாடியை வாங்கும் உணரி இருந்தது. அலையை அனுப்பும் கம்பி, சிறியதானாலும் சுத்தமான வேலைப்பாடு. அலை நின்றுபோனால் ஊட்டநீரை அடைக்கும் ஆணைச் சில்லு தனியாக, யாரும் மாற்றிவிட முடியாதபடி உருக்கி ஒட்டியிருந்தது. அதை அமைத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் நன்றாகத் தொழில் தெரிந்தவர்.

திரைக்கு அப்பால் பகவதி பட்டையை இறக்காமல் காத்திருந்தாள்.

"வேலை செய்யும் மதினி," என்றாள் வடிவு. "நல்லாவே செய்யும்."

சொல் போய்ச் சேரச் சற்று நேரமானது. சேர்ந்ததும் பகவதியின் முகம் மலர்ந்தது.